தேதிக்கு விட்ட இடம்

22 மார்ச் 2020, ஞாயிறு

இன்று ஆராதனை இல்லை. நாடு முழுவதும் ஊரடங்கு. ஆறுதல்புரம் சேகரச் சபைக்கு நான் செயலாளரான பிறகு ஞாயிற்றுக்கிழமை கோயில் திறக்காமல் இருப்பது இதுவே முதல் முறை. கோயில் கதவு, சபை மண்டபம், கல்லறைத் தோட்டத்து இரும்புக் கேட், மூன்றுக்கும் உரிய சாவிகள் ஒரே வளையத்தில் என்னிடம் இருக்கின்றன. காலையில் போய்ப் பூட்டுகளை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தேன்.

மாலையில் எல்லோரும் கை தட்ட வேண்டும், மணி அடிக்க வேண்டும் என்று அறிவிப்பு. கோயில்குட்டி தாவீது, கோயிலைக் கூட்டிப் பெருக்கி மணி அடிப்பவன், உற்சாகத்தில் கோபுர மணிக் கயிற்றைப் பிடித்துவிட்டான். அவனுக்கு இரண்டு விதமாகத்தான் அடிக்கத் தெரியும். ஆராதனைக்கு ஒன்று, சாவுக்கு ஒன்று. ஆராதனை இல்லாததால் சாவுக்கு அடித்தான். தெருவில் எல்லோரும் கை தட்டுவதை நிறுத்திவிட்டு "யாரு, யாரு?" என்று வெளியே வந்தார்கள்.

பத்திரிகையில் நிருபராக இருந்தவரை தினமும் ஊருக்காக எழுதினேன். ஓய்வு பெற்ற பிறகு எழுத எதுவும் இல்லை. இனி இதில் எழுதலாம் என்றிருக்கிறேன். பார்த்ததை மட்டும்.

5 ஏப்ரல், குருத்தோலை ஞாயிறு

பவனி இல்லை. என் மனைவி மேபல் வாசல் கதவில் ஒரு குருத்தோலையைச் செருகி வைத்தாள். பக்கத்து வீட்டு ஆடு தின்றுவிட்டது.

12 ஏப்ரல், ஈஸ்டர்

விடிவதற்கு முன்பே சற்குணம் வாத்தியார் வந்து என் பெயரைச் சொல்லி ஜன்னலைத் தட்டினார். பள்ளியில் கணக்கு வாத்தியார், கோயிலில் ஆர்கன் வாசிப்பவர். இரண்டிலும் யாரும் தப்புச் செய்தால் பொறுக்க மாட்டார். மேபலின் சித்தி மகள் லில்லியைக் கட்டியவர். லில்லி இறந்து சில வருடங்கள் ஆகின்றன.

"அருமை, கோயிலத் தொறந்து விடும்வே. ஒரு மாசமா ஆர்கனுக்குக் காத்துப் போவல. எலி கடிச்சிரும்."

"சட்டம் தெரியாமப் பேசுதீரு."

"சட்டத்துக்குத் தெரியாமப் பேசுதேன். வாரும்."

திறந்தேன். ஜன்னல்களைச் சாத்திவிட்டு, மிதியை மெதுவாக மிதித்து, உயிர்ப்புப் பாட்டுகள் எல்லாவற்றையும் வாசித்தார். யாரும் பாடவில்லை. நான் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கண்ணில் தூசி விழுந்தது.

வழக்கமாக ஈஸ்டர் விடியலில் சபை முழுவதும் கல்லறைத் தோட்டத்துக்குப் போவோம். இந்த வருடம் நாங்கள் இரண்டு பேர். கேட்டைத் திறந்துவிட்டேன். அவர் நேராக லில்லியின் கல்லறைக்குப் போய்க் கல்லைத் துண்டால் துடைத்தார். இருவருக்குமாகக் கட்டிய இரட்டைக் கல்லறை அது. கறுப்புக் கல்லில் இடது பக்கம் லில்லியின் பெயர், பிறப்பு, இறப்பு. வலது பக்கம் இவருடைய பெயரும் பிறந்த தேதியும். அதற்குக் கீழே 'மறைவு' என்று வெட்டி, பக்கத்தில் வெறும் கல்.

"எடம் விட்டிருக்கான் பாத்தீரா, தாராளமா. ஒரு தேதிதான் பாக்கி" என்றார்.

"உயிர்ப்பு நாளும் அதுவுமா பேசுத பேச்சாவே இது?"

"வேற என்னைக்குப் பேச? சாவி உம்ம கையில. என்னய வெளிய நிக்க வச்சிராதேயும்."

"நீரு செத்தா மொத ஆளா வந்து தொறக்கேன்."

"எழுதிக் குடுக்கீரா, நிருபரே?"

இருவரும் சிரித்தோம். வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டோம். மேபல் ஆப்பம் சுட்டு வைத்திருந்தாள். தேங்காய்ப்பால் நன்றாக இருந்தது.

10 மே, ஞாயிறு

எங்கள் சபைக் குரு ஆசீர் ஐயர் கைப்பேசியில் பிரசங்கம் அனுப்புகிறார். இளவயது, நல்ல மனுஷன், குரல் போதாது. நடுவில் சேவல் கூவியது. மேபல் முக்காடு போட்டுக்கொண்டு அடுப்படியிலிருந்தே கேட்டாள்.

12 ஜூலை, ஞாயிறு

வாத்தியாரின் மகள் கெத்சியா வந்திருந்தாள். தூத்துக்குடி அரசு மருத்துவமனையில் நர்ஸ். கொரோனா வார்டில் போட்டிருக்கிறார்கள். வீட்டுக்குள் போகவில்லை. தெருவில் வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டு, அப்பாவின் சுகர் மாத்திரைகளை மதில்மேல் வைத்துவிட்டு, தள்ளி நின்றே பேசினாள். வாத்தியார் வாசற்படியில் நின்று, "அடுத்த தடவ மோருக்கு ஆசப்பட்டுட்டு வராத. அதையும் மதில்லதான் வைப்பேன்" என்று சத்தமாகச் சொன்னார். இனி நோய் அடங்கும்வரை ஊருக்கு வரப் போவதில்லை என்று என்னிடம் சொன்னாள். மாத்திரையைத் தெரிந்த வண்டியில் கொடுத்துவிடுவாளாம்.

அவள் போனபின் மளிகைக்கடை ஜெயசீலன் மரத்தடியில் பிளீச்சிங் பவுடர் போட்டார். அவர் சேகரக் கமிட்டியில் மூத்த உறுப்பினர்.

29 ஆகஸ்ட், சனி

ஜெயசீலனின் மகனுக்குப் பெண் உறுதி செய்தார்கள். மகன் சென்னையிலிருந்து இ-பாஸ் வாங்கி வந்திருக்கிறான். வீட்டோடு என்று சொன்னாலும் பந்தி நிறைந்துதான் இருந்தது. என்னை மாப்பிள்ளைப் பையனுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். பையனுக்குப் பயணக் களைப்பு, இருமிக்கொண்டே இருந்தான். மேபல் வரவில்லை. ஊர்ச் சாப்பாட்டுக்கு இது நேரமில்லை என்றாள். அவளுக்கு எல்லாவற்றுக்கும் பயம்.

1 செப்டம்பர், செவ்வாய்

கோயில் திறக்க அரசு அனுமதித்துவிட்டது. கமிட்டி கூடியது. வருகிற ஞாயிறு திருவிருந்து. ஐயர், திராட்சரசத்துக்குப் பொதுப் பாத்திரம் வேண்டாம், ஆளுக்கொரு சின்னக் கிண்ணம் வாங்கிக்கொள்ளலாம் என்றார். சில சபைகளில் அப்படித்தான் கொடுக்கிறார்களாம்.

நான் எதிர்த்தேன். காலரா வந்த காலத்திலும் நம் முன்னோர் ஒரே பாத்திரத்தில்தான் குடித்தார்கள், ஆளுக்கொரு கிண்ணம் என்றால் அது திருவிருந்து இல்லை, சர்பத் கடை என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஐயரும் கடைசியில் சிரித்தார். அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள் கோயிலுக்கு வர வேண்டாம் என்றும் அரசு விதி இருக்கிறதே என்றார். அதைக் கடைப்பிடித்தால் கமிட்டியே வர முடியாது. அந்தப் பேச்சு அத்துடன் முடிந்தது.

பொதுப் பாத்திரம் என்று தீர்மானம்.

4 செப்டம்பர், வெள்ளி

நேற்று கிணற்று நீரில் குளித்தது ஒத்துக்கொள்ளவில்லை. தலைபாரம், லேசாக மூக்கடைப்பு. மேபல் கவனமில்லாமல் சமைக்கிறாள். சாம்பாரில் உப்பும் இல்லை, புளியும் இல்லை. சொன்னேன். கோபித்துக்கொண்டாள்.

5 செப்டம்பர், சனி

கருவாடு வறுத்தாள். முன்பெல்லாம் அவள் கருவாடு வறுத்தால் தெருக்கோடிவரை தெரியும். இப்போதெல்லாம் நல்ல கருவாடே வருவதில்லை. பக்கத்தில் நின்றும் வாசனை இல்லை.

நாளைக்காகக் கோயிலைக் கழுவினோம். தாவீது பெஞ்சுகளில் இடம் விட்டு உட்காரச் சுண்ணாம்பால் கோடு போட்டான். வெள்ளிப் பாத்திரத்தைச் சாம்பல் போட்டு நானே விளக்கினேன். முகம் பார்க்கலாம்.

6 செப்டம்பர், ஞாயிறு

திருவிருந்து. நல்ல கூட்டம். பாட்டு கூடாது என்பதால் ஆர்கனும் இல்லை. வேலை இல்லாத வாத்தியார் முதல் முறையாக என் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தார். கைகளை என்ன செய்வது என்று தெரியாதவர்போல மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் சபையில் செயலாளர் முதலில் போய் பீடத்துக் கிராதியின் வலது முனையில் முழங்காற்படியிட வேண்டும். அடுத்தடுத்து மற்றவர்கள். நான் எழுந்தேன். வாத்தியார் எழவில்லை. அப்பம் மட்டும் வாங்கிக்கொள்ளப் போவதாகவும், பாத்திரம் வேண்டாம் என்று கெத்சியா போனில் சொல்லியிருப்பதாகவும் மெல்லச் சொன்னார்.

"ஆண்டவரு ரத்தத்துலயும் கிருமி இருக்குன்னு உம்ம நர்சு சொல்லுதாளோ?" என்றேன். பின் பெஞ்சில் ஜெயசீலன் கேட்டுச் சிரித்தார். வாத்தியார் முகம் சிவந்தது. எழுந்து வந்து எனக்கு இடப்பக்கம் முழங்காற்படியிட்டார். நான் குடித்ததும் ஐயர் பாத்திரத்தின் விளிம்பைத் துணியால் துடைத்துவிட்டு அவருக்கு நீட்டினார். குடித்தார்.

மேபல் பெண்கள் பக்கம் இருந்து கிராதிக்கு வரவே இல்லை. வீட்டில் கேட்டேன். கால் மரத்துவிட்டது என்றாள்.

திராட்சரசம் தண்ணீர் கலந்ததுபோல் இருந்தது. ஐயரிடம் வேறு கடையில் வாங்கச் சொல்ல வேண்டும்.

11 செப்டம்பர், வெள்ளி

எனக்கு உடம்பு தேவலை. வாத்தியாருக்குக் காய்ச்சல் என்று தாவீது சொன்னான். பருவம் மாறுகிறது.

14 செப்டம்பர், திங்கள்

வாத்தியாரை ஆம்புலன்ஸில் தூத்துக்குடிக்குக் கொண்டுபோனார்கள். மூச்சு வாங்குகிறதாம். தெருவில் எல்லா வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது. மேபல் மட்டும் வாசலில் நின்றாள். அவர் ஏறும்போது எங்கள் வீட்டைப் பார்த்துக் கையை உயர்த்தினாராம். நான் உள்ளே இருந்தேன்.

17 செப்டம்பர், வியாழன்

சுகாதாரத் துறையினர் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டு மூக்கில் குச்சி விட்டுப் பார்க்கிறார்கள். கோயிலை மறுபடியும் மூடச் சொல்லிவிட்டார்கள். நான் முகாமுக்குப் போகவில்லை. எனக்கு இருந்த சளி அதற்கு முன்பே சரியாகிவிட்டது. சரியானதைச் சோதிப்பதில் பொருள் இல்லை.

ஊரில் கேள்வி ஒன்றுதான்: யார் கொண்டுவந்தது? ஜெயசீலன் வீட்டு விருந்து என்று சிலர். திருவிருந்துப் பாத்திரம் என்று சிலர். இப்படியே விட்டால் சபையின் பெயர் கெட்டுவிடும்.

18 செப்டம்பர், வெள்ளி

என் இடத்துக்கு வந்த நிருபர் மாரியப்பன் போன் செய்தான். "அண்ணாச்சி, உங்க ஊர்ல கோயில்ல வச்சுப் பரவிட்டாமே? பெரிய நியூஸ்லா."

விசாரிக்காமல் எழுதாதே என்றேன். கொரோனா வார்டில் வேலை செய்யும் நர்ஸின் அப்பாவுக்குத்தான் முதலில் தொற்று வந்திருக்கிறது என்று, உள்ளதை உள்ளபடி சொன்னேன். அது உண்மை. பெயர் போடக் கூடாது என்றும் சொன்னேன். அது முறை.

19 செப்டம்பர், சனி

செய்தி வந்திருக்கிறது. நான்கே வரி. 'செவிலியரின் தந்தைக்குத் தொற்று. மகள் மூலம் பரவியிருக்கலாம் என்று கூறப்படுகிறது.' யார் கூறியது என்று இல்லை. இந்த ஊரில் நர்ஸ் ஒருத்திதான்.

மாலையில் கெத்சியா பேசினாள்.

"பெரியப்பா, நான் ஜூலைக்கப்புறம் ஊர்ப்பக்கமே வரலியே. யாரு இப்படிச் சொன்னது? நீங்க பத்திரிகையில கேட்டுச் சொல்லுங்களேன்."

விசாரிக்கிறேன் என்றேன். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள் என்றாள்.

மேபல் தாளைப் படித்துவிட்டு மடித்து வைத்தாள்.

23 செப்டம்பர், புதன்

சற்குணம் வாத்தியார் காலையில் இறந்துவிட்டார்.

தாவீது மணி அடிக்கவில்லை. அடிக்காதே என்று யாரும் சொல்லவில்லை. அடி என்றும் யாரும் சொல்லவில்லை.

மதியம் கோயில் வளாகத்தில் கமிட்டி கூடியது. நாளை காலை உடல் வருகிறது, லில்லியின் கல்லறையில் அடக்கம் செய்ய வேண்டும் என்று கெத்சியா கேட்டிருப்பதாக ஐயர் சொன்னார். பாதுகாப்பு உடை அணிந்த நால்வர் கூடவே வருவார்கள், நாம் கேட்டைத் திறந்துவைத்தால் போதும் என்றார்.

"ஊருக்கு நடுவுல இருக்க கல்லறத் தோட்டம் அது. பக்கத்துல எங்க கெணறு" என்றார் ஜெயசீலன்.

"அடக்கத்தத் தடுத்தா ஜெயில்னு அரசு சட்டம் போட்டிருக்குங்க" என்றார் ஐயர்.

"யாரு ஐயரே தடுக்கப் போறா? கேட்டு பூட்டிக் கெடக்கு. நாமளா பூட்டுனோம்? எப்பவும் பூட்டித்தான் கெடக்கும்."

பிறகு ஜெயசீலன் என் பக்கம் திரும்பாமல், வேப்ப மரத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "அண்ணாச்சி, நாளைக்கு நீங்க பல்லு டாக்டர்ட்ட போணும்னு சொன்னியள்லா?"

நான் அப்படிச் சொன்னதாக நினைவில்லை. ஆனால் கடைவாய்ப் பல் ரொம்ப நாளாகவே தொந்தரவுதான். ஆமாம் என்றேன்.

24 செப்டம்பர், வியாழன்

முதல் பஸ்ஸில் டவுனுக்குப் போனேன். பல் மருத்துவமனை மூடியிருந்தது. பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். டீ குடித்தேன். பேப்பர் படித்தேன். கைப்பேசியில் சார்ஜ் இல்லை. மாலையில் திரும்பினேன்.

நடந்ததைத் தாவீது சொன்னான். அவன் சொன்னபடியே எழுதுகிறேன். ஆம்புலன்ஸ் காலையிலேயே வந்துவிட்டது. கெத்சியா உச்சி முதல் பாதம்வரை அந்த வெள்ளை உடையில் இருந்ததால், அவளை முதலில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. கேட் பூட்டியிருந்தது. ஐயர் எனக்குத் திரும்பத் திரும்பப் போன் செய்திருக்கிறார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கருங்கல்லால் பூட்டை அடித்தார். பழைய பூட்டு, விடவில்லை. தெருமுனையில் கூடியிருந்தவர்கள் கிட்டே வரவும் இல்லை, கலையவும் இல்லை. கம்பி அறுக்க ஆள் தேடியிருக்கிறார்கள். யாருடைய கடையும் திறந்திருக்கவில்லை. வெயில் உச்சிக்கு வந்ததும் ஆம்புலன்ஸ்காரர்கள் இன்னும் இரண்டு உடல்கள் காத்திருக்கின்றன என்று சொல்லி வண்டியைத் திருப்பிவிட்டார்கள். மாநகராட்சி இடுகாட்டில் அடக்கம். ஐயர் பைக்கில் பின்னாலேயே போய் ஜெபம் செய்தாராம்.

"பாப்பா அழவே இல்ல அண்ணாச்சி" என்றான் தாவீது. "கம்பி வழியா உள்ள அந்தக் கல்லையே பாத்துட்டு நின்னுச்சு. பெரியம்மாவும் வெயில்ல கூடவே நின்னாவ."

பெரியம்மா என்று அவன் சொன்னது மேபலை. வீட்டுக்கு வந்தபோது அவள் தலைக்குக் குளித்துவிட்டுப் படுத்திருந்தாள். அடுப்பு மூட்டியிருக்கவில்லை.

சட்டையைக் கழற்றும்போது பார்த்தேன். சாவி வளையம் பையிலேயே இருந்திருக்கிறது. கவனிக்கவில்லை.

27 செப்டம்பர், ஞாயிறு

மழை.

11 அக்டோபர், ஞாயிறு

கோயிலை மறுபடியும் திறந்தோம். ஐயர் பிரசங்கத்தில் இயேசுவின் கல்லறை வாசலில் இருந்த கல்லைப் புரட்டியது யார் என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார். அவரை மாற்றக் கேட்டு மேலிடத்துக்கு மனு கொடுக்க வேண்டும் என்கிறார் ஜெயசீலன்.

மதியம் மீன் குழம்பு. உப்பு ஒரு கல் தூக்கல் என்றேன். மேபல் அந்த வியாழனிலிருந்து நேற்றுவரை ஆம், இல்லை என்பதைத் தவிர என்னிடம் பேசவில்லை. இன்று பேசினாள்.

"நாக்கு வந்துட்டு போலுக்கு."

"என்ன சொல்லுத?"

"அன்னைக்குச் சாம்பாருலயும் இதே கைதான் போட்டேன். பக்கத்து வீட்டு எஸ்தருக்கு ஒரு கிண்ணம் குடுத்தேன். நல்லாருக்குன்னா. சட்டியில உப்பு இருந்துச்சு. உங்க நாக்குலதான் இல்ல."

சளி பிடித்தால் அப்படித்தான் என்றேன்.

"வாத்தியாருக்கும் சளிதான் பிடிச்சுது" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். நான் இன்னும் சாப்பிட்டு முடித்திருக்கவில்லை.

2 நவம்பர், திங்கள், கல்லறைத் திருநாள்

காலையில் கேட்டைத் திறந்தேன். பூட்டில் கல் பட்ட தழும்புகள். எண்ணெய் போட்டதும் திறந்துகொண்டது. எல்லோரும் மெழுகுவத்தியும் செவ்வந்தியுமாக வந்தார்கள்.

கெத்சியா வந்தாள். ரொம்ப மெலிந்திருக்கிறாள். அம்மாவின் கல்லறையைக் கழுவி, இரண்டு பக்கமும் பூ வைத்தாள். பிறகு கேட்டருகில் நின்ற என்னிடம் வந்தாள். மேபலும் அங்கே இருந்தாள்.

"பெரியப்பா, பல்லு இப்ப எப்படி இருக்கு?"

பரவாயில்லை என்றேன்.

"ருசி எப்பத்துல இருந்து தெரியுது?"

கேள்வி புரியவில்லை என்றேன். அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். வார்டில் நோயாளியைப் பார்ப்பதுபோல், கோபம் இல்லாமல்.

"அப்பாக்குக் கடைசிவரைக்கும் திரும்பல. ரசம் கேட்டாவ. கொண்டுபோய்க் குடுத்தா, வெந்நீரத் தந்து ஏமாத்துதியாட்டின்னு ஏசுனாவ. அதான் கேட்டேன்."

நான் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டேன்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு செஞ்சு குடுங்க பெரியப்பா. அப்பா அங்க கெடக்கட்டும். அவுக எந்தக் குழின்னு இப்ப எனக்கே தெரியாது. ஆனா இந்தக் கல்லுல தேதியப் போட்டுருங்க. பேரு வெட்டி வச்சிட்டு, செத்ததச் சொல்லாம வச்சிருந்தா, அவுக இன்னும் வெளிய நிக்க மாதிரி இருக்கு."

கல்லறைத் தோட்டத்தில் எதை எழுதவும் கமிட்டியின் அனுமதி வேண்டும். கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

15 நவம்பர், ஞாயிறு

கமிட்டியில் வைத்தேன். ஜெயசீலன், இன்று தேதி போட விட்டால் நாளை எலும்பைக் கொண்டுவருவாள் என்றார். ஐயர், ஒரு வரிதானே, போடட்டும் என்றார். முடிவை என்னிடம் விட்டார்கள்.

யோசித்துப் பார்த்தேன். கல்லறைக் கல் என்பது ஒருவகைச் செய்தி. இன்னார் இங்கே இருக்கிறார் என்று அது சொல்கிறது. உடல் அங்கே இல்லை. இல்லாத உடலுக்கு மறைவுத் தேதி பொறிப்பது உண்மைக்கு மாறானது. என் எழுத்து வாழ்க்கையில் தெரிந்தே ஒரு பொய்யை அச்சேற்றியதில்லை.

அனுமதி மறுத்து எழுதினேன். தாவீதிடம் கொடுத்தனுப்பினேன்.

மேபலிடம் காரணத்தை விளக்கினேன். முழுவதும் கேட்டாள்.

"கல்லுலதான் பொய் கூடாதா?" என்றாள்.

6 டிசம்பர், ஞாயிறு

ஆசீர் ஐயருக்கு மாற்றல் வந்துவிட்டது. கிறிஸ்மஸ் முடிந்ததும் போகிறார். பிரிவுபசாரத்துக்குச் சால்வை வாங்கும் பொறுப்பு என்னுடையது.

20 டிசம்பர், ஞாயிறு

கேரல் பவனி இல்லை. மேபல் வாசலுக்கு நட்சத்திரம் கட்டவில்லை. கல்லறைச் சிலுவைகளுக்கு வெள்ளை பெயிண்ட் அடிக்க வாங்கிய சிறிய டின் மட்டும் அடுப்படி ஜன்னலில் இருந்தது.

24 டிசம்பர், வியாழன்

கல்லறைத் தோட்டத்தை வெள்ளையடிக்கத் திறந்தபோது தாவீது பார்த்துவிட்டு ஓடிவந்தான். லில்லியின் கல்லில், காலியாக விட்டிருந்த இடத்தில், வெள்ளை பெயிண்டால் தேதி எழுதியிருக்கிறதாம்.

அரை மணியில் ஜெயசீலன் வந்துவிட்டார். "சொவரேறிக் குதிச்சு எழுதியிருக்கா அந்தக் குட்டி. போலீஸ்ல எழுதிக் குடுப்போம். நீங்க கையெழுத்துப் போடுங்க அண்ணாச்சி."

"அவ தூத்துக்குடியில டூட்டியில இருக்கா" என்றாள் மேபல். அடுப்படி நிலையில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். "சொவரு ஏற எனக்கும் முடியாது. இவுக சட்டப்பையில கை விட்டாப் போதும். நாந்தான் எழுதுனேன்."

ஜெயசீலன் என்னைப் பார்த்தார். நான் மேபலைப் பார்த்தேன். அவள் விரல் நகத்தோரம் இன்னும் வெள்ளையாக இருந்தது. நான் இத்தனை நாள் அதை மாவு என்று நினைத்திருந்தேன்.

"வீட்டுக்குள்ளயே இப்படின்னா எப்படி அண்ணாச்சி?" என்றார் ஜெயசீலன். "சரி, பொம்பள காரியம். வெளிய தெரிய வேண்டாம். வருசப் பொறப்புக்கு முன்னால நீங்களே தின்னரப் போட்டு அழிச்சிருங்க."

அவர் போன பிறகு மேபல் சொன்னாள்: "அழிங்க. சாவி உங்ககிட்டதான இருக்கு."

25 டிசம்பர், கிறிஸ்மஸ்

திருவிருந்து சின்னக் கிண்ணத்தில் கொடுத்தார்கள். கமிட்டியில் யாரும் எதிர்க்கவில்லை. நானும்தான். கிராதியில் எனக்கு இடப்பக்கம் ஓர் ஆள் அளவு இடம் விட்டு அடுத்தவர் முழங்காற்படியிட்டார். விதி அப்படி.

மேபல் கோயிலுக்கு வரவில்லை. விடியற்காலையிலேயே பஸ் ஏறிக் கெத்சியாவைப் பார்க்கப் போய்விட்டாள். மாநகராட்சி இடுகாட்டில் எந்த வரிசை என்று காவலாளியிடம் கேட்டிருக்கிறார்களாம். இருட்டுவதற்குள் வந்துவிடுவதாகத் தாவீதிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை.

31 டிசம்பர், வியாழன்

ஒரு டின் தின்னரும் பழைய துணியும் எடுத்துக்கொண்டு காலையில் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். யாரும் இல்லை. கேட்டை உள்பக்கமாகச் சாத்திக்கொண்டேன்.

மேபலுக்கு நல்ல கையெழுத்து என்று சொல்ல முடியாது. ஆனால் நிதானமாக எழுதியிருக்கிறாள். முட்டி போட்டு உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும். கீழே சிமெண்டில் இரண்டு சொட்டு சிந்தியிருக்கிறது. 23.9.2020. பழக்கதோஷத்தில் சரிபார்த்தேன். நாள் சரி. மாதம் சரி. வருடம் சரி. மறைவு என்று கல் சொல்கிறது, மறைந்தது உண்மை. இங்கே இருக்கிறார் என்று அது எங்கும் சொல்லவில்லை. நவம்பரில் நான் எழுதிய மறுப்பில் அந்த இடம் தவறு.

வெயில் ஏறும்வரை நின்றேன். டின்னைத் திறக்காமல் கொண்டுவந்தேன்.

1 ஜனவரி 2021, வெள்ளி

புது ஐயர் இன்னும் வரவில்லை. காலை ஆராதனையை ஜெயசீலன் நடத்தினார். புது வருடத்துக்கான வேதவசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டையைத் தட்டில் வைத்து நீட்டினார்கள். எடுத்து, பிரிக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது ஜெயசீலன் போன் செய்தார். கல்லை அழித்தாயிற்றா என்று கேட்டார். மேபல் சோற்றுப் பானையைச் சாய்த்துக் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றது.

முடியவில்லை என்றேன். ஏன் என்று கேட்டார்.

பல் வலி என்று சொன்னேன். இந்த வாரம் குனியவே முடியாது, பிறகு பார்க்கலாம் என்றேன். போனை வைத்தேன்.

மேபல் தட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

"இப்பவும் பல்லுதானா?" என்றாள்.